சிறு படகில் பெரிய மீன்: சோழமண்டலக் கரையில் தூண்டில் போடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கிழங்கான், கெளுத்தி, சிறு சங்கரா என்று உள்ளங்கை அளவு மீன்களைத் தூண்டிலில் பிடித்துப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் பெரிய மீன்மேல் ஆசை வருவது இயல்பு. அப்போது பெரும்பாலோர் முதலில் செய்வது தடித்த நரம்பும் பெரிய முள்ளும் வாங்குவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பருவங்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினேன். கோவளத்துக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடலில் ஃபைபர் படகில் போய்வந்து, அனுபவமுள்ள மீனவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பெரிய மீனைத் தேடாதீர்கள், அது தின்னும் சிறு மீன் இன்று எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று தேடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தேடலை ஒட்டியவை.

முதல் படி: எந்த மீன் என்று முடிவு செய்தல்

“பெரிய மீன்” என்று பொதுவாகக் கிளம்பினால் எதற்கும் பொருந்தாத தூண்டிலோடு கடலில் நிற்க நேரும். நம் கரையோரக் கடலில் சிறு படகுக்கு எட்டும் பெரிய மீன்களில் வஞ்சிரம், பாறை, சீலா, கடல் விரால், களவா ஆகிய ஐந்தை முதலில் அறிந்துகொள்வது போதும். வஞ்சிரம் நடுநீரிலும் மேல்நீரிலும் சாளை, நெத்திலி, காணாங்கெளுத்திக் கூட்டங்களைத் துரத்தி வேட்டையாடும். அதன் பற்கள் நரம்பைக் கத்தரிக்கோல்போல் நறுக்கிவிடும். பாறை மீன் கல்தரைக்கு மேலே கூட்டமாகச் சுற்றும்; முள் பட்டவுடன் கல்லுக்குள் பாயும். களவா கல்லிடுக்கை விட்டு அதிகம் நகராது. கடல் விரால் மிதவை, மிதக்கும் மரம், திருக்கை போன்றவற்றின் நிழலை ஒட்டி வரும். சில நாள் படகைப் பார்க்கவே பக்கத்தில் வந்து நிற்கும்.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் சீலா என்றால் நீண்ட வாயும் கோரைப் பற்களும் கொண்ட மீன். தூத்துக்குடிப் பக்கம் அதே சொல் வஞ்சிரத்தைக் குறிக்கும். குமரியில் வஞ்சிரம் நெய்மீன் ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் அது அறக்குளா. வேறு ஊர்க்காரரிடம் இரையும் இடமும் கேட்கும்போது எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் வஞ்சிரத்தையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அது திறந்த நீரில் ஓடும் மீன். கல்லுக்குள் புகுந்து தப்பாது. பொறுமை இருந்தால் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும்.

இரண்டாம் படி: காற்றையும் படகையும் அறிதல்

சோழமண்டலக் கரையில் பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறிய பின் கடற்காற்று எழுந்து, நண்பகலுக்குள் நீரின் முகத்தைக் கரடுமுரடாக்கிவிடும். ஆகையால் இருட்டில் கிளம்பி முற்பகலிலேயே கரை திரும்புவது இங்குள்ள வழக்கம். கோடையில் கடற்காற்று வேகமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்துக்குப் பின் நீர் தெளிந்து கடல் அடங்கும் காலமே கற்றுக்கொள்ள ஏற்றது.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை ஆகியவற்றை வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையும் தமிழில் கிடைக்கிறது. முந்தின நாள் மாலையிலும் கிளம்பும் முன்பும் இவற்றைப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது கடலுக்குள் இருந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை என்பதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. எச்சரிக்கை இருக்கும் நாளில் “பக்கத்தில்தான் போகிறோம்” என்ற சமாதானம் கூடாது.

உயிர்காப்பு உடையைப் படகின் அடியில் திணித்து வைக்காமல் உடம்பில் அணிந்திருக்க வேண்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்று கணக்கிடுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைக் கைபேசியில் பதிந்துவைப்பதோடு, எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு போகிறீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மணற்கரையிலிருந்து படகு தள்ளும் இடங்களில் அலையைத் தாண்டுவதே முதல் சோதனை. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்து மடியும்; அதன் பின் சிறிது நேரம் கடல் அடங்கும். அந்த இடைவெளியை எண்ணிப் பார்த்துப் படகைத் தள்ளும் பொறுப்பு அந்த ஊர்க்காரருடையது. அவர் “இரு” என்றால் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தூண்டிலைச் சரிசெய்தல்

வலிமையான தூண்டில் பெரிய மீனைப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிடுவதிலிருந்து இந்தப் படி தொடங்குகிறது. பத்துக் கிலோ வஞ்சிரத்துக்கு 40 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல் போதும். ஆனால் ரீலில் 300 மீட்டர் இருக்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே அது நூறு மீட்டரை உருவிக்கொண்டு போகக்கூடும். பின்னல் நூலின் முனையில் 60 முதல் 80 பவுண்டு வரையிலான தடித்த தங்கூஸ் நரம்பை ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் கட்டி, அதன் முனையில் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் கம்பி வைத்து, அதில் முள்ளைப் பொருத்த வேண்டும். கம்பி நீண்டால் தெளிந்த நீரில் வஞ்சிரம் அதைக் கண்டு ஒதுங்கும். கம்பியே இல்லையென்றால் பல்லில் அறுபடும்.

ஒற்றைக் கம்பியை வளைத்து முறுக்கும்போது இரண்டு இழையும் சமமாகப் பின்னுமாறு மூன்று நான்கு முறுக்கு, அதன் பின் ஓர் இழையை மற்றதன்மேல் நெருக்கமாக மூன்று நான்கு சுற்று. மிஞ்சிய நுனியைக் குறட்டால் வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தால் வழுவழுப்பாக உடையும். வெட்டிய நுனி ஊசிபோல் நின்று, மீனைப் பிடிக்கும் கையைக் கிழித்துவிடும். நரம்பில் போடும் எந்த முடிச்சையும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி, கண்ணுக்குத் தெரியாமலேயே வலுவிழக்கும்.

அடுத்தது, ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் கழல்வதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை, எவ்வளவு இறுக்குவது என்பது. இதைக் கடலில் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. வீட்டிலேயே செய்ய வேண்டும். நூலைக் கழியின் வளையங்கள் வழியாக எடுத்து, முனையை ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டுங்கள். ஒருவர் மீனோடு மல்லுக்கட்டும் கோணத்தில் கழியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தராசை நிதானமாக இழுக்க வேண்டும். 40 பவுண்டு என்பது ஏறத்தாழ 18 கிலோ. அதன் நான்கில் ஒரு பங்கான நாலரைக் கிலோவில் தராசின் முள் நிற்கும்போது நூல் சீராகக் கழல வேண்டும். மீனோடு போராடும்போது ரீலில் நூல் குறையக் குறையச் சுருளின் விட்டம் சிறுத்து, அதே டிராக் தானாகவே கூடுதலாக இறுக்கும். நீருக்குள் கிடக்கும் நீண்ட நூலும் தன் பங்குக்கு இழுக்கும். மீன் தொலைவாக ஓடும்போது டிராக்கைத் தளர்த்த வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இது புரியாமல் நான் முதல் வஞ்சிரத்தை இழந்தேன். அது ஓடுவதைப் பார்த்துப் பதறி டிராக்கைத் திருகினேன். அடுத்த நொடி கழி நிமிர்ந்துவிட்டது.

கைத்தூண்டில் பயன்படுத்துபவர் நரம்பை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. விரல்களுக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையங்களை மாட்டிக்கொண்டு, நரம்பு விரல்களுக்கிடையில் வழுக்கி ஓட விடுங்கள். சுருண்டு கிடக்கும் நரம்பின்மேல் யாரும் கால் வைக்காதபடி அதை ஒரு கூடையில் போட்டு வையுங்கள்.

நான்காம் படி: இடம் கண்டுபிடித்தல்

நம் பகுதிக் கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். அந்த வெறுமையில் எங்காவது ஒரு பார் (கடலடிக் கல்தரை), மூழ்கிய கலம், அரசு இறக்கிவைத்த செயற்கைப் பவளப்பாறைத் தொகுதி இருந்தால் அங்கே சிப்பியும் பாசியும் பிடித்து, சிறு மீன் அடைந்து, அதைத் தின்னப் பெரியது வரும். ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவி வருமுன்பே மீனவர்கள் ஈயக்குண்டில் கயிறு கட்டி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்தார்கள். விரித்த இரு கைகளின் அகலமான ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள பனையையும் நேர்கோட்டில் வைத்து, வேறொரு திசையில் இன்னொரு கோடும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தைப் பாராக நினைவில் வைத்தார்கள். ஜிபிஎஸ் இருந்தாலும் இந்த இரு கோட்டு முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்த நாளில் அது வழிகாட்டும்.

பார் கிடைத்தபின் அதன் எந்தப் பக்கத்தில் தூண்டில் போடுவது என்பதை நீரோட்டம் முடிவு செய்யும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. பருவத்தோடு மாறும் ஓட்டமே முதன்மையானது. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைச் சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெந்தி என்றும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்வார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் தெந்தி வலுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வன்னி வலுக்கும். நீர் வந்து மோதும் முகப்பில் மிதவை உயிர்களும், அவற்றைத் தின்னும் சிறு மீன்களும் திரளும். தெந்தி ஓடும் நாளில் பாரின் தென்முகப்பில் தேடுங்கள். வன்னி ஓடினால் வடமுகப்பில். ஓட்டம் முற்றிலும் நின்றுவிட்டால் தூண்டிலும் பெரும்பாலும் அசையாது. அந்த நேரத்தில் இடத்தை மாற்றுவதை விடக் காத்திருப்பது மேல்.

திறந்த நீரில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஆலாப் பறவைகள். அவை உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் ஆழத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழிருந்து பெரிய மீன் அதை மேலே தள்ளிவிட்டது. மற்றொன்று, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு. ஆற்றுமுகத்தின் பச்சை நீரும் வெளிக்கடலின் நீலமும் சேரும் ஓரத்தில் நுரையும் சருகும் வரிசையாக மிதக்கும்; வஞ்சிரம் தெளிந்த பக்கத்தில் நின்று கலங்கலிலிருந்து வழிதவறி வரும் மீனை அடிக்கும். இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதித் தகவலும், செயற்கைக்கோள் அளக்கும் நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, இப்படிப்பட்ட ஓரங்களைத்தான் கரையிலிருந்து திசை, தொலைவு, ஆழம் என்று சொல்கிறது.

ஓர் ஊரின் மீனவர்கள் பார்த்துப் பார்த்துக் காத்த பார் அது என்பதை மறக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு போங்கள்; கொடியும் மிதவையும் தெரியும் இடத்தில் வலை கிடக்கிறது என்று உணர்ந்து விலகிப் போங்கள்.

ஐந்தாம் படி: உயிர் இரை

கிளம்பியதும் முதல் மணிநேரத்தை இரைக்கே ஒதுக்குங்கள். பளபளக்கும் இழை கட்டிய சிறு முட்கள் ஐந்தாறை ஒரே நரம்பில் வைத்து, அடியில் ஈயம் கட்டி, கூட்டத்துக்குள் இறக்கி ஏற்றினால் காணாங்கெளுத்தியும் பாறைக் குஞ்சும் சிக்கும். இரை மீனை உலர்ந்த கையால் தொடாதீர்கள். வழுவழுப்புப் போனால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். அகன்ற வாளியில் பத்து மீனுக்கு மேல் அடைக்காமல், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

நங்கூரமிட்ட படகிலிருந்து விடுவதானால் மீனின் முதுகில், துடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பைத் தொடாமல் மேலாகக் குத்த வேண்டும். படகு நகரும்போது மூக்கில் குத்தினால்தான் இரை நேராக நீந்தும். வஞ்சிரம் முதலில் இரையின் வாலை வெட்டிவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தை எடுக்கும். ஆகவே முதல் முள்ளிலிருந்து சிறு கம்பியில் இரண்டாவது முள்ளைத் தொங்கவிட்டு, வால் பக்கமாக இலேசாகக் குத்திவையுங்கள். பாதி இரை மட்டும் திரும்பி வரும் நாட்கள் இதனால் குறையும்.

ஆறாம் படி: இரையை நடத்துதல்

பார்மீது நிற்பதானால் நீரோட்டம் வரும் பக்கத்தில், பாருக்கு முன்னதாகவே, நங்கூரத்தை இறக்கிக் கயிற்றைத் தளர்த்தி வர வேண்டும். அப்போது படகின் பின்புறம் விடும் இரை ஓட்டத்தோடு மிதந்து பாரின் முகப்பை அடையும். நங்கூரக் கயிற்றைப் படகின் முன்பக்கத்தில் மட்டுமே கட்டுங்கள். பின்பக்கம் கட்டிய சிறு படகில் ஓர் அலை நீரை நிரப்பிவிடும்.

இழுத்துப் போவதானால் உயிர் இரைக்குப் படகு நகர்கிறதா என்று சந்தேகம் வரும் வேகம், அதாவது இரண்டு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவு. கெட்டியான செயற்கை இரைக்கு நான்கு முதல் ஆறு நாட். ஒரு தூண்டிலை இருபது மீட்டரிலும் மற்றொன்றை நாற்பதிலும் விட்டால் திரும்பும்போது சிக்காது. சிறு படகில் இரண்டுக்கு மேல் வேண்டாம். நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல் வளைந்து செல்லுங்கள். வளைவில் உட்பக்கத்து இரை தாழ்ந்து மெதுவாகும், வெளிப்பக்கத்தது வேகமெடுக்கும். எந்தப் பக்கம் அடி விழுகிறது என்று பார்த்தால் அன்றைய வேகம் தெரிந்துவிடும்.

கழியின் நுனியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். உயிர் இரை சாதாரணமாக நீந்தும்போது நுனி சீராகத் தலையாட்டும். பெரிய மீன் பின்னால் வந்ததும் அந்த ஆட்டம் படபடவென்று மாறும், இரை பதறுகிறது. நூலை விரலால் தொட்டால் அந்தத் துடிப்பு தெளிவாகத் தெரியும். அந்த நொடியில் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் கடினம், அதுதான் சரியும்கூட.

ஏழாம் படி: ஓட விடுதல், திரும்ப வாங்குதல்

அடி விழுந்தவுடன் கழியைச் சுண்டி இழுப்பது சிறு மீன் பிடித்த கையின் பழக்கம். நுனி உள்நோக்கித் திரும்பிய வளைமுள் போட்டிருந்தால் சுண்டவே வேண்டாம். நூல் விறைத்தபின் கழியை மெதுவாக உயர்த்தினால் முள் தானே வாயோரத்தில் புரண்டு பதியும். படகோட்டி மற்றத் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். நங்கூரத்தில் இருந்தால் கயிற்றின் முனையில் ஒரு மிதவையைக் கட்டி அப்படியே கழற்றி விட்டுவிட்டு, மீன் ஓய்ந்தபின் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஓட்டத்தை எதிர்க்கக் கூடாது. ரீல் கதறட்டும். அது நின்றபின் கழியை நிதானமாக மேலே தூக்கி, தாழ்த்திக்கொண்டே நூலைச் சுற்றுங்கள். தூக்கும்போது சுற்ற வேண்டாம், தாழ்த்தும்போது நூலைத் தொய்ய விட வேண்டாம். மீன் படகை நோக்கி ஓடிவரும்போது நூல் தளர்ந்து, மீன் போய்விட்டதென்று பலர் கையை விட்டுவிடுவார்கள். அப்போதுதான் வேகமாகச் சுற்ற வேண்டும். படகோட்டி மீனைப் பக்கவாட்டில், முன்புறத்துக்குச் சற்று அருகில் வைத்திருக்குமாறு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் நூல் எந்திர விசிறிக்குள் போகாது. பாறை மீனுக்கு மட்டும் இந்த அவகாசத்தைக் கொடுக்கக் கூடாது: முதல் சில நொடிகளில் கல்லிலிருந்து விலக்கி மேலே கொண்டுவராவிட்டால் நரம்பு உராய்ந்து அறும். பார்மீது நிற்கும்போது தடித்த நூலும் இறுக்கமான டிராக்கும் தேவைப்படுவது அதனால்தான்.

கடைசிக் கட்டத்தில் மீன் படகுக்கு அடியில் வட்டமிடத் தொடங்கும். வட்டத்தின் பாதியில் அது உங்களை நோக்கி வரும், மறுபாதியில் விலகும். வரும்போது இரண்டு சுற்று வாங்குங்கள். விலகும்போது பிடித்துக்கொண்டு மட்டும் இருங்கள். தோள் எரியும். பாதி மீன்கள் கைநழுவுவது இந்த இடத்தில்தான், அதுவும் படகைக் கண்டதும் அது இன்னொரு முறை பாயும் என்பதை மறந்து டிராக்கை இறுக்கியதால்தான்.

எட்டாம் படி: படகில் ஏற்றுதல்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்ப்பது சிறு படகின் மிகப் பெரிய ஆபத்து. கழி பிடிப்பவர் ஒருவர், கொக்கி பிடிப்பவர் ஒருவர், மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கொக்கியை நூலுக்கு முன்னால் வீசாதீர்கள். மீனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, தலையை ஒட்டி, ஒரே இழுப்பில் செய்ய வேண்டும். கடல் விராலிடம் கூடுதல் கவனம் தேவை. அது எதிர்ப்பே இல்லாமல் படகருகே வந்து நிற்கும். ஓயாத நிலையில் ஏற்றிவிட்டால் படகுக்குள் வெறிகொண்டு துள்ளி, கழி, பெட்டி, கால் என்று எதையும் விடாது. அதை மேலும் பத்து நிமிடம் நீரிலேயே களைக்க விடுங்கள்.

ஒன்பதாம் படி: எதை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது

வஞ்சிரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போதுதான் முதன்முதலாக முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது; அதைவிடச் சிறியதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொடுவா ஆணாகப் பிறந்து பெரிதானபின் பெண்ணாகும். ஆகவே மிகப் பெரிய கொடுவா என்பது முட்டை சுமக்கும் தாய். களவா இதற்கு நேர்மாறாக, பெண்ணாக வளர்ந்து பெரியதான பின்னரே ஆணாகும். ஒரு பாரின் பெரிய களவாக்களை எல்லாம் எடுத்துவிட்டால் அங்கே ஆண் இல்லாமல் போகும். ஆமை, கடல் பசு, திமிங்கலச் சுறா, கடல் குதிரை ஆகியவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. தப்பித்தவறிச் சிக்கினால் உடனே விடுவிக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. உங்கள் படகு எந்த வகையில் வருகிறது என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் அடித்து உடனே அடக்கி, செவுளை வெட்டிக் குருதியை வடித்து, கிலோவுக்குக் கிலோ பனிக்கட்டியில் புதையுங்கள். வஞ்சிரமும் சூரையும் வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். பின்னால் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும்.

கரைக்கு வந்து அறுக்கும்போது குடலை நேராகக் காக்கைக்கு எறிந்துவிடாதீர்கள். இரைப்பையைக் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். ஒருமுறை எட்டுக் கிலோ வஞ்சிரத்தின் வயிற்றில் நான் காணாங்கெளுத்தியை எதிர்பார்த்தேன்; விரல் நீள நெத்திலிகள்தான் இருந்தன, சில இன்னும் வெள்ளிக்கோடு மங்காமல். அன்று காலை முழுவதும் சாண் நீள இரையைத் தொடாமல் பல மீன்கள் கடந்து போனதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. தேதி, ஆழம், ஓட்டம், வயிற்றில் இருந்தது என்று நான்கையும் நோட்டில் எழுதிவிட்டு, மறுநாளுக்கு விரல் நீள இரையைக் கட்டி வைத்தேன்.